லேமினேஷன் போட்ட நிலா

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கே, இரண்டு மருந்துக் கடைகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது அந்த ஜெராக்ஸ் கடை. அங்கே கொளஞ்சியம்மாளிடம் திட்டு வாங்காமல் லேமினேஷன் போட்டுக்கொண்டு போனவர்கள் குறைவு. மார்க் ஷீட்டை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருகிறவனைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கரையான் தின்ற பிறகு வந்து அழுதால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பாள். பிறகு அந்த மடிப்பை நகத்தால் நீவி நீவிச் சமன் செய்து மிஷினுக்குள் விடுவாள். மறுபக்கம் சூடாக வெளியே வருவதை இரண்டு கையாலும் வாங்கிக் கொடுப்பாள்.

அந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. விக்கிரமங்கலத்தில் அவள் பிறந்த தெருவில் எட்டாவது பாஸ் செய்த முதல் பெண் அவள்தான். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தவர். மகளின் சர்டிபிகேட்டைத் தகரப் பெட்டியில், தன் கல்யாண வேட்டிக்கு அடியில் பத்திரப்படுத்தினார். பத்திரமாம் பத்திரம்! சத்துணவுக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று பெட்டியைத் திறந்தபோது வேட்டியும் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை. கரையான் மண் மட்டும் ஒரு பிடி இருந்தது. நகல் வாங்கப் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்குமாக நாலு மாதம் நடந்தாள். அதற்குள் வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது.

அப்புறம்தான் பத்தொன்பது வயதில் அரியலூரில் ஒரு பழைய பேப்பர் குடோனில் தரம் பிரிக்கப் போனாள். சிமெண்ட் ஏற்றிக்கொண்டு தெற்கே போகிற லாரிகள் வெறும் வண்டியாகத் திரும்பக்கூடாதென்று சிவகாசிப் பக்கத்து அச்சகக் கழிவை அள்ளிப் போட்டுக்கொண்டு வரும். காலண்டர் துண்டு, தீப்பெட்டி லேபிள், மத்தாப்புப் பெட்டியின் மேலட்டை எல்லாம் மலை மாதிரி குவியும். வெள்ளை தனி, கலர் தனி, அட்டை தனி. முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கும்போது முழங்கால் நீட்ட வராது.

ஒரு நாள் அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு முழ நீளத்துக்கு ஒரு தடித்த தாள் வந்தது. அச்சடித்ததில்லை, கையால் வரைந்த படம். வெள்ளை வெளேரென்று குண்டும் குழியுமாகப் பூமி. நடுவில் பஞ்சு மூட்டை போல உடுத்திக்கொண்டு ஒருவன் தனியாக நிற்கிறான். ஓரத்தில் சூரியன் எரிகிறது, ஆனால் வானம் கறுப்பு. கொளஞ்சியம்மாள் அது குவாரி என்றுதான் நினைத்தாள். மத்தியான வெயிலில் குவாரிக்குள் இறங்கினால் இப்படித்தான் வெள்ளை கண்ணைக் குத்தும். அப்பாவுக்குச் சோறு கொண்டு போகும்போது அவர் இப்படித்தான் பள்ளத்தின் நடுவே தனியாக நிற்பார். வானத்தை மட்டும் ஏன் கறுப்படித்திருக்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. குடோன் மேஸ்திரி அய்யம்பெருமாள் எட்டிப் பார்த்துவிட்டு, இது நிலா, மனுசன் போய் இறங்கினானே அந்தச் சங்கதி, ராக்கெட் வெடிப் பெட்டிக்காக வரைந்திருப்பார்கள் என்றார். அச்சடித்து முடித்ததும் மூலப்படத்தையும் குப்பையோடு தள்ளிவிடுவார்களாம்.

நிலா என்று தெரிந்த பிறகும் அவளுக்கு அது குவாரியாகவே இருந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு போனாள். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். பைத்தியம் என்று நான் சொல்லவில்லை, அவள் புருஷன் சொன்னான். லாரி டிரைவர். கல்யாணமான மூன்றாம் வருஷம் ஓசூர்ப் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவன், போகும்போதும் இந்தப் படங்களைச் சொல்லித்தான் திட்டிவிட்டுப் போனான். ராக்கெட்டைக் கட்டிக்கிட்டு அழு என்றானாம். அவள் அழவில்லை. பதினான்கு வருஷத்தில் எழுபத்திரண்டு படம் சேர்த்தாள்.

எழுபத்திரண்டும் விண்வெளிதான். வேறெதையும் தொடமாட்டாள். சாமி படம் வந்தால் கும்பிட்டுவிட்டுக் கலர் குவியலில் போடுவாள். அவளிடம் இருந்த ராக்கெட்டுகளில் ஒன்றுக்கு மர ஏணியும் ஜன்னலுக்குத் திரைச்சீலையும் உண்டு. இன்னொன்றில் பாவாடை தாவணி போட்ட பெண் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிலாவில் நிற்பாள், இடுப்பு வரை பின்னல் தொங்கும். இன்னொன்றில் நெல் வயலுக்குப் பின்னால் ராக்கெட் கிளம்பும். நாற்று நடுகிற ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஓர் எருமை மட்டும் அண்ணாந்து பார்க்கும். அந்த எருமையைச் சொல்லும்போதெல்லாம் கொளஞ்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

தரமும் பிரித்து வைத்திருந்தாள். பழகின கையாயிற்றே. போட்டோவைப் பார்த்து வரைந்தது இரண்டாம் தரம். அடுத்தவன் வரைந்ததைப் பார்த்து வரைந்தது கழிவு. யாரும் காட்டாமல் தானாகவே அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்தவன் போல வரைந்தது முதல் தரம். எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டால் நிழலைப் பார் என்பாள். மனசுக்குள் பார்த்து வரைகிறவனுக்கு நிழல் தப்பாது, காப்பியடிக்கிறவனுக்குச் சூரியன் ஒரு பக்கம் இருக்கும், நிழல் இன்னொரு பக்கம் விழும். இப்படிப் பார்த்ததில் முதல் தரம் பதினான்கு தேறின. பதினான்கும் ஒரே கை என்று அவள் அடித்துச் சொன்னாள். புழுதியை வரைகிற விதம் ஒன்றாக இருக்கிறதாம். அந்த முதல் குவாரிப் படமும் அதில் ஒன்று. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

தொண்ணூற்றேழில் மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கடை போட்டாள். ஜெராக்ஸ் மிஷினோடு ஒரு லேமினேஷன் மிஷினும் வந்தது. தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி, முதன்முதலாக அவள் அதற்குள் விட்டது குவாரிப் படத்தைத்தான். வெளியே வந்ததும் தடவிப் பார்த்தாளாம், வழவழவென்று இருந்ததாம். இனி எந்தக் கரையானும் இதைத் தொடமுடியாது என்று சொல்லிக்கொண்டாளாம். ஒரு வருஷத்துக்குள் எழுபத்திரண்டையும் முடித்துவிட்டாள். கடைக்கு வருகிறவர்களின் சான்றிதழுக்கு ஒற்றை உறை, இவற்றுக்கு மட்டும் கெட்டி உறை. பிளாஸ்டிக் வீணாகாமல் முதல் படத்திலிருந்தே இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஃபெவிகால் போட்டு ஒட்டினாள், திருப்பினால் அந்தப் பக்கம் ஒன்று தெரியும். மிஷினுக்குள் போகாத பெரிய படங்களின் ஓரத்தை ஸ்கேல் வைத்து நேராக வெட்டினாள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு காற்றுக் குமிழ் இல்லை. தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை வேறில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

இப்போது அறுபதாகிவிட்டது. சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது. பெரம்பலூரில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, இடது கண் போனது போனதுதான், வலது கண்ணை ஊசி போட்டு ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ இழுக்கலாம் என்றார். கடையைத் தங்கை மகள் மஞ்சு பார்த்துக்கொள்கிறாள். முப்பது வயது, ஆன்லைன் வேலையெல்லாம் அத்துப்படி, குணமும் தங்கம். ஆனால் மனசில் இருப்பதை ஒளிக்கத் தெரியாதவள். பீரோ நிறைய இருக்கிற இதையெல்லாம் உங்களுக்கு அப்புறம் நான் எங்கே வைத்துக்கொள்வேன் பெரியம்மா, எனக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாதே என்று நேராகவே கேட்டுவிட்டாள். கேட்டது நியாயம்தான். நியாயமானது என்றால் வலிக்காதா என்ன? அன்றிலிருந்து கொளஞ்சியம்மாளுக்கு ஒரே நினைப்பு. தன் கண் அவிவதற்குள் இந்தப் படங்களைப் பார்க்கத் தெரிந்தவர்கள் கையில் சேர்த்துவிட வேண்டும்.

நிலாவில் நம்முடைய விண்கலம் இறங்கின அன்றைக்கு ஊரே செல்போனைப் பார்த்துக் கை தட்டியது. மஞ்சு வேடிக்கையாகப் பெரியம்மாவின் படங்களில் ஏழெட்டைப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டாள். கொஞ்சம் பேர் சிரித்தார்கள், கொஞ்சம் பேர் பூ அனுப்பினார்கள். ஐந்து மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஜெயசித்ரா என்றொரு அம்மாள் போன் செய்தாள். பழைய ஓவியங்களைத் தேடி மதிப்பிட்டுச் சொல்வது அவள் வேலை. விண்வெளிப் படங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் வரப் போகிறதாம். உலகம் முழுவதும் விஞ்ஞானிகளும் பெரிய ஓவியர்களும் வரைந்தது கிடைக்கிறது, தீப்பெட்டிக்கும் வெடிப் பெட்டிக்கும் நம் ஆட்கள் கையால் வரைந்த மூலப்படம் இவ்வளவு ஒரே இடத்தில் தான் பார்த்ததேயில்லை என்றாள். நேரில் வந்து பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் ஒரு முழுச் சுவரே ஒதுக்கச் சொல்கிறேன் என்றாள்.

கொளஞ்சியம்மாள் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாகக் கடைக்கு லீவு விட்டாள். கடைக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறைதான் வீடு. கட்டிலில் புதுப் போர்வை விரித்து, எழுபத்திரண்டு படமும் ஒட்டியிருந்த முப்பத்தாறு லேமினேஷன் தகடுகளையும் மூன்று தரமாக அடுக்கி, ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் பளபளவென்று மின்னின.

ஜெயசித்ரா பகல் ரயிலில் வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். பையிலிருந்து வெள்ளைக் கையுறையும் பூதக்கண்ணாடியும் எடுத்து வைத்துவிட்டுக் கட்டிலருகே குனிந்தாள். முதல் தகட்டைத் தொட்டவள் கையுறையைக் கழற்றிவிட்டாள். அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தாறையும் வரிசை மாறாமல், முன்னும் பின்னும் திருப்பி, ஒன்றரை மணி நேரம் பார்த்தாள். எருமையிடம் கொஞ்ச நேரம் நின்றாள். அந்த மௌனத்தைக் கொளஞ்சியம்மாள் எப்படி எடுத்துக்கொண்டாள் தெரியுமா? பிரமித்துப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டாள். மஞ்சுவைப் பார்த்துக் கண்ணால் சிரிக்கக்கூடச் செய்தாள், பாவம்.

தரம் பிரித்தது யார் என்று ஜெயசித்ரா கேட்டாள். நான்தான் என்றதும், ரொம்பச் சரியாகப் பிரித்திருக்கிறீர்கள், நான் தனியாகப் பிரித்திருந்தாலும் இதே பதினான்கைத்தான் எடுத்திருப்பேன் என்றாள். ஒரே கைதான் என்பதும் சரியாம். இவர் பெரிய ஆள் அம்மா என்றாள். முப்பத்தைந்து வருஷம் கேட்க ஆளில்லாமல் கிடந்த பேச்சு அது. கொளஞ்சியம்மாளுக்கு நல்ல கண்ணிலும் தண்ணீர் கட்டிக்கொண்டது. விலையெல்லாம் வேண்டாம், ஒரு சுவர் கிடைத்தால் போதும் என்றாள்.

ஜெயசித்ரா நிமிரவில்லை. "இதையெல்லாம் யாருங்கம்மா லேமினேட் பண்ணுனது?"

"நாந்தாங்க மேடம். வேற யாரு கையிலயும் குடுக்கல. எல்லாத்தையும் நானேதான் பண்ணுனேன்."

அதை அவள் சொன்ன பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தச் சென்னைப் பெண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொளஞ்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். சூட்டில் பிளாஸ்டிக்கின் பசை உருகிச் சாயத்துக்குள் இறங்கிவிட்டது. இனி இரண்டும் வேறு வேறு இல்லை. பிரித்தால் படம் பிளாஸ்டிக்கோடு போய்விடும். தண்ணீர் காட்டவும் முடியாது, போஸ்டர் கலர் கரைந்துவிடும். போட்டோவில் தெரிந்த பளபளப்பைக் கண்ணாடிச் சட்டம் என்று நினைத்துவிட்டாளாம். இந்த நிலையில் எந்தக் காட்சிக்கூடமும் எடுக்காது. வெட்டிய ஓரத்திலும் அச்சகத்துக் குறிப்பு ஏதாவது இருந்திருக்கும், அதுவும் போயிற்று.

கொளஞ்சியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், கரையான் தின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டாள். ஜெயசித்ரா கட்டிலில் அடுக்கியிருந்த தகடுகளைத் திரும்பிப் பார்த்தாள். உண்மை அதைவிட மோசம். பழைய துணியில் சும்மா சுற்றி வைத்திருந்தால்கூட முக்கால்வாசி பிழைத்திருக்கும். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கொளஞ்சியம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

கிளம்புகிற நேரத்தில் ஜெயசித்ரா ஒன்று கேட்டாள். மூலப்படங்களின் பின்பக்கத்தில் வரைந்தவர் பெயர், ஊர் ஏதாவது இருப்பது வழக்கம். இந்தப் பதினான்கு படங்களின் முதுகில் ஏதாவது எழுதியிருந்ததா? பெயர் தெரிந்தால் அவருடைய வீட்டைத் தேடிப் பிடிக்கலாம். வேறு படம் இருக்கலாம். அதையாவது மாட்டலாம், இந்தச் சேகரிப்பை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தோம் என்றும் எழுதலாம்.

எழுதியிருந்தது. பதினான்கிலும் பென்சிலில் ஒரே மாதிரி இரண்டு வரி. கொளஞ்சியம்மாளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. என்ன எழுதியிருந்தது என்பதுதான் ஞாபகமில்லை. தரம் பிரிக்கிறவர்கள் தாளைத் திருப்பிப் பார்ப்பது பின்பக்கம் வெள்ளையா, அழுக்கா என்று தெரிந்துகொள்ளத்தான். அழுக்கு என்று கண் சொல்லிவிட்டால் அதற்குமேல் படிக்க வேலை இல்லை. அந்த அழுக்கின் மேல்தான் ஃபெவிகாலைத் தடவி, ஏழு ஜோடியாக அமுக்கி ஒட்டினாள். ஜெயசித்ரா செல்போன் டார்ச்சை அடியில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கத்துப் படமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. பென்சில் தெரியவில்லை.

அவள் போன பிறகு கொளஞ்சியம்மாள் இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்துக் கட்டிலருகே வைக்கச் சொன்னாள். என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்ததும் மஞ்சு தொட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

"அழிஞ்சிரும் பெரியம்மா. தண்ணி படக்கூடாதுன்னு அந்த மேடமே சொல்லுச்சுல்ல."

"அழிஞ்சது அழிஞ்சதுதான்டி. படம் செவத்துக்கு ஆவாது. பேராவது ஆவுதான்னு பாப்பம்."

முதல் தரம் இருந்தது ஏழு தகடு. ஓரத்தைப் பிளேடால் கீறி, தகட்டை மணிக்கணக்கில் ஊற வைத்து, இரண்டு தாளுக்கும் நடுவே ஸ்கேலை மெல்ல நுழைக்க வேண்டும். பாவாடை தாவணிப் பெண் இருந்த தகடுதான் முதலில் போனது. பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் ஏறியதும் அவள் பின்னல் கறுப்பாய் வழிந்து நிலாவெல்லாம் பரவியது. முதுகு வெள்ளைக் கூழாக வந்தது, எழுத்து இல்லை. இரண்டாவதில் ஏணி வைத்த ராக்கெட் போனது. நான்காவதில் ஓர் எழுத்து கிடைத்தது, 'த' என்றோ 'ந' என்றோ சொல்லலாம். எருமை ஐந்தாவது. அதைத் தண்ணீரில் விடும்போது மஞ்சு அறையை விட்டு வெளியே போய்விட்டாள். ஒவ்வொன்றையும் ஊற விட்டு, பிரித்து, காய வைத்துப் பார்த்ததில் ஒரு வாரம் ஓடியது. ஆறு தகடு போயிற்று. பெயர் வரவில்லை.

ஏழாவதில் குவாரிப் படம் இருந்தது. நாற்பது வருஷத்துப் படம். கொளஞ்சியம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு நல்ல கண்ணுக்கு அருகே கொண்டு வந்து வெகு நேரம் பார்த்தாள். வெள்ளைப் பள்ளத்தில் ஒற்றை ஆள். அப்பா முகம் இப்போது ஞாபகத்தில் சரியாக வருவதில்லை, அந்தப் பஞ்சு உடுப்புக்காரனை வைத்துத்தான் அவரை நினைத்துக்கொள்வாள். இதை மட்டும் விட்டுவிடலாம் பெரியம்மா என்று மஞ்சு கெஞ்சினாள். கொளஞ்சியம்மாள் ஓரத்தைக் கீறித் தண்ணீரில் விட்டாள். கறுப்பு வானம் முதலில் கரைந்தது. அப்புறம் அந்த ஆள் கரைந்தான்.

இந்தத் தடவை தாள் கிழியாமல் பாதிவரை உரிந்து வந்தது. அன்றைக்கு அவசரத்தில் பசையை நடுவில் தடவாமல் விட்டிருக்கிறாள் போல. பென்சில் வரி தெரிந்தது. அவளால் படிக்க முடியவில்லை, கண்ணுக்குக் கோடாகத்தான் இருந்தது. படிக்கச் சொல்லி மஞ்சுவிடம் நீட்டினாள். மஞ்சு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் எழுத்துக் கூட்டினாள்.

"'வேலை முடிந்ததும் படத்தைத் தயவுசெய்து திருப்பித் தரவும்.' இதான் பெரியம்மா முதல் வரி. கீழ பேரும் அட்ரசும் இருந்திருக்கு. அந்த எடம் பிஞ்சு அந்தப் பக்கத்தோட ஒட்டிக்கிச்சு. ஒண்ணும் தெரியல."

இன்னொரு தடவை படி என்றாள் கொளஞ்சியம்மாள். மஞ்சு படித்தாள். தொட்டித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கொளஞ்சியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, ஈரக் கையைப் புடவையில் துடைக்காமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"பதினாலு தடவ கேட்டுருக்கான்டி," என்றாள். "பதினாலுலயும் எழுதிக் கேட்டுருக்கான். எங்கிட்டதான் இருந்துச்சு."